ஐந்தாண்டுக்கு 55 அங்குலம்: கிணற்றுக்குத் தாங்களே கடிவாளம் போட்ட கன்சாஸ் உழவர்கள்

அமெரிக்காவில் 'கவுண்டி' என்பது ஏறக்குறைய நம் மாவட்டம் மாதிரி. கன்சாஸ் மாநிலத்தின் வடமேற்கில் இருக்கும் ஷெரிடன் கவுண்டியின் பரப்பு 896 சதுர மைல். கிட்டத்தட்ட நம் திருவாரூர் மாவட்டத்தின் அளவு. திருவாரூரில் 2011 கணக்கெடுப்பின்படி 12 லட்சத்துக்கு மேல் மக்கள் இருந்தார்கள். ஷெரிடனில் 2020 கணக்கெடுப்பின்படி இருப்பவர்கள் 2,447 பேர். சதுர கிலோமீட்டருக்கு ஓர் ஆள்! அவர்களிலும் பாதிப் பேர் கவுண்டியின் தலைநகரான ஹாக்ஸியில் வசிக்கிறார்கள். மற்றபடி கண்ணுக்கு எட்டிய தூரம் வயல்தான்.

ஆள் குறைந்த ஊர் என்பதால் வேலை குறைந்த ஊர் என்று நினைத்துவிட வேண்டாம். கோதுமை, மக்காச்சோளம், சோளம், மாட்டுப் பண்ணை என்று வெள்ளாமை நடந்துகொண்டே இருக்கிறது. ஆயிரம் ஏக்கர் வைத்திருப்பவரை இங்கே பெரிய பண்ணையார் என்று யாரும் சொல்வதில்லை. அப்பா, மகன், வேண்டுமானால் ஒரு வேலையாள், பெரிய இயந்திரங்கள். இவ்வளவுதான் ஒரு பண்ணை. இந்தக் கவுண்டியின் ஒரு பகுதி உழவர்கள் பத்தாண்டுகளுக்கு முன்பு எடுத்த முடிவை இன்று நீரியல் ஆய்வாளர்கள் பலரும் எடுத்துக்காட்டாகச் சொல்கிறார்கள். தங்கள் ஆழ்துளைக் கிணற்றில் இருந்து எவ்வளவு தண்ணீர் எடுக்கலாம் என்பதற்குத் தாங்களே ஓர் அளவு வைத்து, அதைச் சட்டமாகவும் ஆக்கிக்கொண்டார்கள்.

மழை 20 அங்குலம்

இந்தப் பகுதியில் ஆண்டுக்குச் சராசரியாக 20 அங்குலம், அதாவது சுமார் 500 மில்லிமீட்டர் மழை. அதில் பெரும்பகுதி கோடையில் பெய்கிறது. ஓடைகளை நம்பிப் பாசனம் செய்ய முடியாது. 1862-ல் வந்த குடியேற்றச் சட்டம் ஒரு குடும்பத்துக்கு 160 ஏக்கர் கொடுத்தது. மழை தாராளமாகப் பெய்யும் கிழக்குப் பகுதிக்கு அது போதும்; இங்கே போதவில்லை. வந்தவர்களில் பலர் நிலத்தை விட்டுவிட்டுப் போனார்கள். நின்றவர்கள் அக்கம்பக்கத்து நிலங்களையும் சேர்த்துக்கொண்டார்கள். 1930-களில் புழுதிப் புயல்கள் வந்து மேல்மண்ணை அள்ளிக்கொண்டு போனபோது இன்னொரு கூட்டம் வெளியேறியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 5,000-க்கு மேல் மக்கள் இருந்த கவுண்டி இது. ஒவ்வொரு தலைமுறையிலும் டிராக்டர் பெரிதாகிக்கொண்டே வந்தது, பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளின் எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்தது.

மானாவாரி உழவர்களின் முறை சுவையானது. குளிர்காலக் கோதுமையை செப்டம்பர், அக்டோபரில் விதைக்கிறார்கள். பயிர் பனிக்கு அடியில் உறங்கிக் கிடந்து, வசந்தத்தில் எழுந்து, ஜூன் கடைசியிலோ ஜூலையிலோ அறுவடைக்கு வருகிறது. அடுத்த ஆண்டு அதே நிலத்தில் சோளமோ மக்காச்சோளமோ. அதற்கடுத்து நிலத்தைத் தரிசாகப் போட்டுவிடுவார்கள். தரிசு போடுவது சோம்பலால் அல்ல, மழையை மண்ணுக்குள் சேமித்து வைக்கத்தான். மூன்றாண்டில் இரண்டு மகசூல் என்பது கணக்கு. அறுத்த தாளை உழாமல் அப்படியே நிற்க விடுவது இன்று பலரின் வழக்கம். நிற்கும் தாள் பனியைப் பிடித்து வைக்கும், காற்றைத் தடுக்கும், வெயில் மண்ணைச் சுடாமல் பார்த்துக்கொள்ளும்.

தரைக்குக் கீழே ஒரு கடல்

இந்த வறண்ட சமவெளிக்கு அடியில் ஓகலாலா என்ற பெரிய நிலத்தடி நீர்ப்படுகை இருக்கிறது. எட்டு மாநிலங்களின் அடியில் பரவிக் கிடக்கும் நீர் அது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஆழமான கிணறு தோண்டும் கருவிகளும் சக்திவாய்ந்த பம்புகளும் வந்தன. 1952-ல் பிராங்க் சைபாக் என்ற உழவர் சுழல் பாசனக் கருவிக்குக் காப்புரிமை பெற்றார். வயலின் நடுவில் ஒரு குழாய். அதிலிருந்து சக்கரங்கள் மேல் நீண்டு நிற்கும் கை. அந்தக் கை கடிகார முள் போலச் சுற்றிச் சுற்றி நீர் தெளிக்கும். 160 ஏக்கர் சதுரத்தில் சுமார் 130 ஏக்கர் வட்டம் நனையும். விமானத்தில் போகிறவர்கள் கீழே பார்த்து வியக்கும் பச்சை வட்டங்கள் இவைதான்.

பாசனம் வந்ததும் மக்காச்சோளம் வந்தது. மக்காச்சோளம் வந்ததும் அதைத் தின்னும் மாட்டுக் கொட்டில்கள் வந்தன. தானியக் குதிர்கள், இயந்திரக் கடைகள், வங்கி என எல்லாமே அந்தத் தண்ணீரின் மேல் நிற்பவை. ஆனால் மழை மூலம் அந்தப் படுகைக்குத் திரும்பிப் போகும் நீர் இங்கே ஆண்டுக்கு ஓர் அங்குலம்கூடத் தேறாது. எடுப்பதோ அதைப் போலப் பல மடங்கு. ஷெரிடனின் சில பகுதிகளில் நீர்மட்டம் ஆண்டுக்கு ஓரடி, இரண்டடி என்று இறங்கியது.

கன்சாஸ் சட்டப்படி தண்ணீர் மக்களின் பொதுச்சொத்து. அதைப் பயன்படுத்தும் உரிமை மட்டுமே உழவருக்கு. 1945-ல் வந்த சட்டம் அது. முதலில் உரிமை வாங்கியவருக்கே முதல் இடம். அதே சட்டத்தில் ஒரு வம்பும் இருந்தது. கொடுத்த உரிமையை ஆண்டுக்கணக்கில் பயன்படுத்தாமல் விட்டால் அது போய்விடும். சிக்கனமாக இருந்தால் உரிமைக்கே ஆபத்து என்றால், எந்த உழவர் பம்பை நிறுத்துவார்? 2012-ல்தான் இந்த விதியை, புதிய கிணறுகளுக்கு அனுமதி இல்லாத பகுதிகளில், தளர்த்தினார்கள்.

வட்டமாக உட்கார்ந்து பேசியது

வடமேற்கு கன்சாஸின் நிலத்தடி நீரை ஓர் உள்ளூர் வாரியம் பார்த்துக்கொள்கிறது. கோல்பி என்ற ஊரில் அதன் அலுவலகம். உறுப்பினர்களை நில உடைமையாளர்களும் நீர் பயன்படுத்துவோருமே தேர்ந்தெடுக்கிறார்கள். நீர்மட்டம் வேகமாக இறங்கும் ஆறு பகுதிகளை இந்த வாரியம் அடையாளம் கண்டது. ஆறாவது பகுதிக்குப் பெயர் 'ஷெரிடன்-6'. 99 சதுர மைல். பெரும்பகுதி ஷெரிடனிலும் கொஞ்சம் பக்கத்து தாமஸ் கவுண்டியிலும் அடங்கும். மற்ற பகுதிகளில் பேச்சு நகரவில்லை. இங்கே நகர்ந்தது.

ஆண்டுக்கணக்கில் கூட்டம் கூட்டமாகப் பேசினார்கள். அவர்களுக்கு இருந்த பெரிய பயம் அரசாங்கம்தான். பழைய சட்டப்படி கட்டுப்பாடு வேண்டும் என்று கேட்டால், மாநிலத்தின் தலைமை நீர்ப் பொறியாளர் தன் விருப்பப்படி எவ்வளவு வேண்டுமானாலும் குறைக்கலாம். 'நாமே வலியப் போய் வாசலைத் திறந்துவிடுவதா?' என்ற தயக்கம் நியாயமானது. 2012-ல் மாநிலச் சட்டமன்றம் ஒரு புதிய சட்டம் கொண்டுவந்தது. உள்ளூர் உழவர்கள் போடும் திட்டத்தைத் தலைமைப் பொறியாளர் ஏற்கலாம், அல்லது மாற்றச் சொல்லித் திருப்பி அனுப்பலாம். தானாக அதைவிடக் கடுமையாக்க முடியாது. என் பார்வையில், இந்த ஒரு வரிதான் பூட்டைத் திறந்த சாவி.

2013 ஜனவரி 1 முதல் திட்டம் நடைமுறைக்கு வந்தது. பாசன நிலத்தில் ஏக்கருக்கு ஐந்தாண்டுக்கு 55 அங்குலம். சராசரியாக ஆண்டுக்கு 11. ஓர் ஏக்கரில் ஓர் அங்குலம் நீர் நிற்பதென்றால் சுமார் 1 லட்சத்து 3 ஆயிரம் லிட்டர். ஆக ஆண்டுக்கு ஏக்கருக்கு 11 லட்சம் லிட்டருக்குச் சற்று மேல். முன்பு எடுத்ததைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு என்பது இலக்கு. ஆண்டுக்கு இவ்வளவு என்று கட்டிப் போடாமல் ஐந்தாண்டுக்கு மொத்தமாகக் கொடுத்ததில்தான் உழவரின் புத்தி தெரிகிறது. மழை பொய்த்த ஆண்டில் கூடுதலாக எடுக்கலாம். நல்ல மழை ஆண்டில் மிச்சம் பிடிக்கலாம். 2012-ன் கடும் வறட்சியைப் பார்த்த கையோடு போட்ட கணக்கு அது.

இன்னொன்றும் கவனிக்க வேண்டியது. பழைய உரிமைக்காரர், புதிய உரிமைக்காரர் என்ற வேறுபாடு பார்க்காமல் எல்லாப் பாசன ஏக்கருக்கும் ஒரே அளவு. சட்டப்படி முன்னுரிமை கேட்டிருக்கக்கூடிய மூத்த கிணற்றுக்காரர்கள் தங்கள் பங்கையும் விட்டுக்கொடுத்தார்கள். ஒவ்வொரு கிணற்றிலும் மீட்டர் இருக்கிறது. ஆண்டுதோறும் மார்ச் 1-க்குள் கணக்குக் காட்ட வேண்டும். மீறினால் அபராதம், நீர் உரிமையே சில காலம் நிறுத்தப்படலாம். நம் பக்கம் அடுத்த தோட்டக்காரர் 800 அடி போட்டால் நாம் 1,000 அடி போடுகிறோம். அங்கே பக்கத்துக்காரரின் மீட்டர் என்ன காட்டுகிறது என்பது ஊருக்கே தெரியும். 2,447 பேர் உள்ள ஊரில் மறைப்பதற்கு என்ன இருக்கிறது!

வருமானம் என்ன ஆனது?

இதுதான் எல்லா உழவரும் கேட்கும் கேள்வி. கன்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தின் வேளாண் பொருளியலாளர் பில் கோல்டன், எல்லைக்கு உள்ளே இருந்த வயல்களையும் வெளியே இருந்த பக்கத்து வயல்களையும் ஒப்பிட்டார். உள்ளே மக்காச்சோளத்துக்குப் பாய்ச்சிய நீர் சுமார் 23 சதவீதம் குறைவு. மகசூல் குறைந்தது ஏறத்தாழ 1 சதவீதம் மட்டும். கைக்கு வந்த காசு உள்ளே இருந்தவர்களுக்குத்தான் 4 சதவீதம்போல அதிகம்! காரணம் எளிது. பம்பு ஓட எரிபொருள் செலவு குறைந்தது. விதை, உரச் செலவும் நீருக்கு ஏற்றபடி குறைக்கப்பட்டது. செயற்கைக்கோள் படங்களை வைத்து நடந்த இன்னோர் ஆய்வு, 2019-ல் வெளியானது, முதல் ஐந்தாண்டில் நீர் எடுப்பு 31 சதவீதம் குறைந்ததாகக் கணக்கிட்டது. இலக்கோ 20 சதவீதம்.

எப்படிச் செய்தார்கள்? பெரும்பகுதி மிச்சம், நிலத்தைத் தரிசாக்கிக் கிடைத்தது அல்ல. அதே வயலுக்குக் குறைவாகப் பாய்ச்சிக் கிடைத்தது. முன்பெல்லாம் சீசன் தொடங்கியதும் பம்பைப் போட்டால், அறுவடை நெருங்கும்போதுதான் அணைப்பார்கள். இப்போது மண்ணில் ஈர உணரியைப் பதித்து, வேர் பரவும் ஆழத்தில் ஈரம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு முடிவெடுக்கிறார்கள். மழை வந்தால் பம்பை நிறுத்தும் பழக்கம் வந்தது. கேட்பதற்குச் சின்ன விஷயம்தான். ஆனால் பாசனத்தில் வளர்ந்தவருக்குக் கை பரபரக்கும். சிலர் செடி எண்ணிக்கையைக் குறைத்து விதைத்தார்கள். சிலர் வட்டத்தின் ஒரு பாதியில் மக்காச்சோளமும் மறுபாதியில் குறைந்த நீர் கேட்கும் சோளமோ கோதுமையோ போட்டார்கள். பாசனச் சோளத்தின் பரப்பு நன்றாகவே கூடியது.

தீராதது

திட்டம் 2018-ல் புதுப்பிக்கப்பட்டது. அதே ஆண்டு, இதைவிடத் தளர்வான அளவுகளுடன் வாரியத்தின் எல்லை முழுவதற்கும் ஒரு திட்டம் வந்தது. அதை எதிர்த்துச் சிலர் வழக்குக்குப் போனார்கள். நீதிமன்றம் திட்டத்தை ஏற்றது. மேற்கு கன்சாஸின் வேறு சில கவுண்டிகளும் இதே வழியில் இறங்கியிருக்கின்றன.

ஆனால் ஷெரிடன்-6-ல் நீர்மட்டம் இறங்குவது மெதுவாகியிருக்கிறதே தவிர நின்றுவிடவில்லை. வானத்தில் இருந்து வருவதற்கும் பூமியில் இருந்து எடுப்பதற்கும் இன்னும் இடைவெளி இருக்கிறது. மக்கள்தொகையும் ஏறவில்லை, 2010-ல் 2,556 ஆக இருந்தது 2020-ல் 2,447. தண்ணீரைக் காப்பாற்றினால் இளைஞர்கள் ஊரிலேயே தங்கிவிடுவார்கள் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. தண்ணீர் தீர்ந்தால் மட்டும் என்ன நடக்கும் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். பாசன நிலம் மானாவாரியாகும். ஒரே குடும்பம் இன்னும் அதிக நிலத்தைப் பார்க்க வேண்டி வரும். ஹாக்ஸியின் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் ஆள் இன்னும் குறையும். அந்தக் கூட்டங்களில் பேசப்பட்டது தண்ணீரைப் பற்றி மட்டும் அல்ல.

இப்போது ஓடிக்கொண்டிருப்பது மூன்றாவது ஐந்தாண்டு. 2023-ல் தொடங்கியது, 2027 டிசம்பரில் முடிகிறது. அதற்குப் பிறகு ஏக்கருக்கு எத்தனை அங்குலம் என்று அவர்கள் மறுபடியும் கூடி உட்கார்ந்து பேசியாக வேண்டும்.