அத்தாமே: கறுப்புப் பிடிக் கத்தி

இருபுறமும் கூருள்ள அலகு. பிடியில் பொறித்த குறிகள். விக்கா என்ற நவீன மாந்திரீகச் சமயத்தின் வழிபாட்டில் சடங்குக்கான வட்டத்தைப் பெரும்பாலும் இதன் முனையால் வரைவார்கள். வரைபவரின் மன உறுதி அலகின் வழியே பாய்வதாக நம்பிக்கை. மூலிகை அரியவும் மெழுகுவர்த்தியில் குறி கீறவும் வெள்ளைப் பிடிக் கத்தி தனியே உண்டு. அத்தாமேயை மதுக் கிண்ணத்துக்குள் இறக்கும் கணம் மிகப் புனிதமானது: கத்தி தேவன், கிண்ணம் தேவி, இருவரும் கூடுவதில் பிறக்கிறது படைப்பு. சில மரபுகளில் அத்தாமே நெருப்பின் சின்னம், சிலவற்றில் காற்றின் சின்னம்.

1950களில் இங்கிலாந்தில் விக்காவைப் பரவலாக அறியச் செய்த ஜெரால்டு கார்ட்னர், முன்பு மலாயாவில் சுங்க அதிகாரி. மலாய்க் கிரிஸ் குறுவாள்களைப் பற்றி 1936இல் நூலே எழுதியவர். ஆயுதத்துக்குள் ஆற்றல் உறையும் என்ற நம்பிக்கையை அங்கே அவர் நெருங்கிக் கண்டிருந்தார்.