கல்லாப் பெட்டியும் கல்லாத பிள்ளையும்



கீழமாசி வீதியில் மொத்த வியாபாரம் செய்யும் நமக்கு மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம், சோழவந்தான் பக்கத்துச் சில்லறைக் கடைக்காரர்கள் உறவுக்காரர்கள் மாதிரி. சாமான் சீட்டைக் கொடுத்து, துவரம்பருப்பு விலையும் எண்ணெய் விலையும் பேசி முடித்ததும், "பையன் என்ன படிக்கிறான்?" என்று கேட்காமல் நாம் விடுவதில்லை. ஒருவர் சந்தோஷமாகச் சொல்வார். இன்னொருவர், "எங்கே அண்ணாச்சி, படிப்பு ஏறல, கடையிலே உட்கார வச்சிட்டேன்" என்பார். படிப்பு ஏறவில்லையா, கடை ஏற விடவில்லையா என்பது யாருக்கும் தெரியாது.

பத்து மூட்டை சர்க்கரை வாங்குவதற்கு முன் நான்கு கடையில் விலை விசாரிக்கிறோம். பிள்ளையின் வாழ்க்கையைப் பற்றிய முடிவை மட்டும் ஒரு நொடியில் எடுத்து விடுகிறோம். இதைப் பற்றி நம் அன்பர்களோடு பேசவே இக்கட்டுரை.

"காமராஜர் படித்தாரா?" என்று கேட்டுப் பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்துகிற அன்பர்கள் இன்றும் உண்டு. அந்தக் குடும்பத்தின் கதையைச் சற்று நினைத்துப் பாருங்கள். 1903 ஜூலை 15 அன்று விருதுபட்டியில், இன்றைய விருதுநகரில் பிறந்தவர். தந்தையார் குமாரசாமி தேங்காய் வியாபாரி. பிள்ளைக்கு ஆறு வயதாகும்போது தந்தை காலமானார். தாயார் சிவகாமி அம்மையார் நகைகளை விற்று, அந்தப் பணத்தை உள்ளூர் வணிகர் ஒருவரிடம் கொடுத்து வைத்து, வட்டியில் குடும்பத்தை நடத்தினார். ஊரார் மகமையாலும் பிடியரிசியாலும் நடந்த க்ஷத்திரிய வித்யாசாலையில் படித்த பிள்ளை, ஆறாம் வகுப்போடு நின்று மாமன் கருப்பையா நாடாரின் துணிக்கடைக்குப் போனார். அந்தத் தாயின் நிலையில் அதைத் தவறு என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அந்தப் பிள்ளை 1954இல் முதலமைச்சரானதும் என்ன செய்தார்? ஊர் ஊராகப் பள்ளிகளைத் திறந்தார். 1956இல் மதிய உணவுத் திட்டத்தைக் கொண்டு வந்தார். படிப்பை இழந்தவருக்குத்தான் அதன் அருமை தெரிந்திருந்தது. அவர் பெயரைச் சொல்லிப் பிள்ளையின் படிப்பை நிறுத்துவது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

கடைக்குப் பின்னால் வீடு

கணவனும் மனைவியும் மட்டுமாகக் கடை நடத்தும் குடும்பங்கள் இன்று அதிகம். விடியற்காலை 5 மணிக்குப் பால் பாக்கெட் இறக்கக் கடை திறந்தால், இரவு 10 மணிக்குத்தான் அடைப்பு. பிள்ளை பள்ளிக்குக் கிளம்பும் நேரமும் கடையில் கூட்டம், வீட்டுப்பாடம் எழுதும் நேரமும் கூட்டம். நம் வாடிக்கையாளர் ஒருவர் வாடிப்பட்டிப் பக்கம் கடை வைத்திருக்கிறார். அவர் இரவு 7 மணியிலிருந்து 8 மணி வரை மனைவியைக் கடைக்கு வரக்கூடாது என்று சொல்லிவிட்டார். அந்த ஒரு மணி நேரம் அம்மா பிள்ளைகளோடு. "பத்து ரூபாய் வியாபாரம் போனாலும் போகட்டும்" என்றார். அவருடைய கடை ஒன்றும் மூழ்கிவிடவில்லை.

காலைச் சாப்பாட்டுக்கும் இன்று ஒரு வழி இருக்கிறது. அரசின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று நம் மதுரையில்தான், ஆதிமூலம் மாநகராட்சித் தொடக்கப்பள்ளியில் தொடங்கி வைக்கப்பட்டது. ஒன்று முதல் ஐந்து வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளுக்கானது. கடைக்காரர் வீட்டுப் பிள்ளை பள்ளியில் சாப்பிடுவதா என்று கூச்சப்பட வேண்டாம். வெறும் வயிற்றோடு பன்னைக் கையில் கொடுத்து அனுப்புவதைவிட அது மேல்.

அம்மா நடத்தும் கடை

கணவர் காலமான பிறகு அம்மாவே கல்லாவில் உட்காரும் கடைகளும் நம் கணக்கில் உண்டு. அங்கே மூத்த பிள்ளையை நிறுத்திக் கடைக்குக் கொண்டு வரச் சொல்லி உறவினர் எல்லோரும் நெருக்குவார்கள். மொத்த வியாபாரிகளாகிய நாம் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. பழைய பற்றைப் பயந்து உடனே கேட்காமல், கணக்கை அந்த அம்மாள் பெயருக்கு மாற்றி, தவணை கொடுத்து, சரக்கை நிறுத்தாமல் அனுப்பினால், பல வீடுகளில் பிள்ளையின் படிப்பு நிற்காது.

இடத்தை விற்றுவிடச் சொல்லும் உறவினரும் உண்டு. 1956ஆம் ஆண்டின் இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டப்படி, தந்தைக்குப் பின் தாயே இயற்கைக் காப்பாளர். ஆனால் பிள்ளையின் பெயரிலுள்ள நிலத்தையோ கட்டடத்தையோ நீதிமன்ற அனுமதி பெறாமல் தாய்கூட விற்கவோ அடமானம் வைக்கவோ முடியாது. அவசரப்படுத்துகிறவர்களுக்கு இதைச் சொல்லி அனுப்பலாம்.

தாத்தா பாட்டி வளர்க்கும் பிள்ளை

அப்பா அம்மா திருப்பூரிலோ வளைகுடா நாட்டிலோ இருப்பார்கள். பேரப்பிள்ளைகள் ஊரில் தாத்தா பாட்டியிடம் வளரும். இந்தப் பிள்ளைகளைத் தினமும் பார்ப்பவர் மளிகைக் கடைக்காரர். "தாத்தா கணக்கிலே எழுதிக்கோங்க" என்று சிப்ஸ் பாக்கெட்டாக வாங்கிப் போகும் பிள்ளையைப் பார்த்து, லாபம் என்று பேசாமல் இருக்கலாம். பெரியவரைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லவும் செய்யலாம். இரண்டாவதைச் செய்பவரைத்தான் ஊர் மறக்காது. "தாத்தாவுக்கு" என்று பீடி, சிகரெட் கேட்டு வந்தாலும் பிள்ளையின் கையில் கொடுக்காதீர்கள். 18 வயது ஆகாதவருக்குப் புகையிலைப் பொருள் விற்பதை 2003ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி, அதற்கு 7 ஆண்டுவரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய்வரை அபராதமும் விதிக்கலாம்.

சட்டம் சொல்லும் நேரம்

14 வயது நிரம்பாத பிள்ளையை எந்த வேலைக்கும் வைக்கக்கூடாது என்று 2016இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் திருத்தப்பட்டது. மீறினால் வேலைக்கு வைத்தவருக்கு 6 மாதம் முதல் 2 ஆண்டுவரை சிறை, அல்லது 20,000 முதல் 50,000 ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும். ஊரிலிருந்து பையனை அழைத்து வந்து கடையில் வைக்கும் பழைய வழக்கத்தை அடியோடு விட்டுவிட வேண்டும். சொந்தக் குடும்பத்துக் கடையில், பள்ளி நேரம் போக, பிள்ளை உதவி செய்யலாம். அதற்கும் 2017இல் வந்த விதிகளில் எல்லை உண்டு. மாலை 7 மணி முதல் காலை 8 மணி வரை கூடாது. ஒரு நாளைக்கு 3 மணி நேரத்துக்கு மேல் கூடாது. நம் கடைகளில் கூட்டம் மிகுந்த நேரமே மாலை 7 மணிக்குப் பிறகுதான் என்பதை யோசித்துப் பாருங்கள்.

கடைப் பழக்கமே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்காரும் பிள்ளைக்கு மனக்கணக்கு வரும், மனிதர்களைத் தெரியும், பணத்தின் அருமை தெரியும். அளவோடு இருந்தால் மருந்து.

கூட்டுக் குடும்பத்தில் நாம் செய்த பிழை

எங்கள் வீடு கூட்டுக் குடும்பம். அண்ணன் தம்பிகள் சேர்ந்து நடத்திய பங்குக் கடை. 1998இல் தம்பி காலமானார். அவர் மகனும் நம் மகனும் அந்த வருடம்தான் பத்தாம் வகுப்பு முடித்திருந்தார்கள். மதிப்பெண்ணும் ஏறத்தாழ ஒன்றுதான். "கடைக்கு ஒரு ஆள் வேண்டும்" என்று தம்பி மகனைக் கடைக்கு வரச் சொன்னோம். நம் மகனைக் கல்லூரி வரை அனுப்பினோம். அன்று அது நியாயமாகவே பட்டது. தகப்பனில்லாத பிள்ளைக்குத் தொழில் கற்றுக் கொடுக்கிறோம் என்று பெருமைகூடப் பட்டோம்.

1932ஆம் ஆண்டின் கூட்டாண்மைச் சட்டம் 30ஆம் பிரிவு ஒன்று சொல்கிறது. வயது வராத பிள்ளையைப் பங்குதாரராக்க முடியாது. லாபத்தில் மட்டும் சேர்க்கலாம். 18 வயதானதும் 6 மாதத்துக்குள், பங்குதாரராக இருக்கிறேன் என்றோ, வேண்டாம் என்றோ அவனே பொது அறிவிப்புச் செய்ய வேண்டும். சும்மா இருந்துவிட்டால் பங்குதாரராகிவிடுவான். அவனை லாபத்தில் சேர்த்த நாளிலிருந்து ஏற்பட்ட கடனுக்கும் பொறுப்பாவான். தம்பி மகனுக்கு 18 வயதானபோது ஆடிட்டர் பத்திரத்தைக் கொண்டு வந்தார். "எங்கே கையெழுத்து போடணும், பெரியப்பா?" என்று கேட்டான். இடத்தைக் காட்டினோம். போட்டான். உனக்குச் சம்மதமா என்று சட்டம் கேட்கச் சொன்ன கேள்வியை நாம் கேட்கவில்லை.

இருபத்தைந்து வருடம் கழித்து, அவன் மகள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தாள். அவளை என்ன படிக்க வைப்பது என்று வீட்டில் பேச்சு வந்தபோது, அவன் கோபமில்லாமல் சொன்னான்: "பெரியப்பா, அவளைக் கேட்டுட்டுத்தான் முடிவு பண்ணப் போறேன். என்னை அன்னிக்கு யாரும் கேக்கலை."

அன்று இரவு நமக்குத் தூக்கம் வரவில்லை. கேட்டிருந்தால் அவனே கடைக்கு வருகிறேன் என்று சொல்லியிருக்கலாம். இன்று நம் கடையில் அவனைவிடச் சிறந்த வியாபாரி இல்லை. ஆனாலும் கேட்காதது கேட்காததுதான். அந்தப் பற்றை இனி எந்தப் பேரேட்டிலும் வரவு வைத்து நேர் செய்ய முடியாது.

ஆகவே அன்பர்களே, தனிக்குடும்பமோ, கூட்டுக் குடும்பமோ, அம்மா நடத்தும் கடையோ, தாத்தா வீடோ, எதுவாக இருந்தாலும் இரண்டு காரியம் செய்யுங்கள். நாளில் ஒரு மணி நேரம், கல்லாவை மறந்து, பிள்ளையோடு யாராவது ஒருவர் உட்காருங்கள். கடைக்கா, கல்லூரிக்கா என்ற முடிவு வரும்போது, பெரியவர்கள் பேசி முடித்துவிட்டுச் சொல்லாமல், முதலில் பிள்ளையைக் கூப்பிட்டுக் கேளுங்கள். பெண் பிள்ளையையும் கேளுங்கள். அண்ணன் பிள்ளை, தம்பி பிள்ளை என்று தராசு சாய வேண்டாம். எடைக்கல்லுக்கு முத்திரை வைத்து நேர்மையாக நிறுக்கும் நாம், வீட்டுக்குள்ளும் அதே தராசைப் பிடிப்போம்.