கணினி ஏன் தண்டவாளத்தோடு நேரடியாகப் பேசுவதில்லை?

மாதிரி ரயிலைக் கணினியால் ஓட்ட, சீரியல் போர்ட்டிலிருந்து இரண்டு கம்பிகளை இழுத்துத் தண்டவாளத்தில் கட்டினால் போதாதா? போதாது. ஆர்எஸ்-232 எனப்படும் அந்தப் போர்ட் தருவது சில மில்லி ஆம்பியர்தான். எஞ்சின் மோட்டாருக்கோ நூற்றுக்கணக்கில் வேண்டும். அதனால் போர்ட் ஆணையை மட்டும் சொல்கிறது. அதை ஏற்று, தண்டவாளத்துக்கான மின்துடிப்பை உருவாக்குவது நடுவிலுள்ள கட்டுப்பாட்டுக் கருவி. கணினியை இந்தக் கருவியோடு இணைக்கும், ஜெர்மனியின் மார்க்லின் நிறுவனத்தின் 6051 இணைப்புப் பெட்டியைப் பாருங்கள். 24ஆம் எண் எஞ்சினை 10ஆம் வேகத்தில் ஓட்ட 10, 24 என்று இரண்டே பைட்டுகள் அனுப்பினால் போதும். ஒவ்வொரு பைட்டும் தொடக்க, முடிவு பிட்டுகளோடு 11 பிட். நொடிக்கு 2400 பிட் வேகத்தில் இரண்டும் போய்ச்சேர ஏறக்குறைய 9 மில்லி விநாடி. இது மந்தம் என்று தோன்றலாம். ஆனால் ஆணையை ஒருமுறை சொன்னால் போதும். அதைத் தண்டவாளத்தில் திரும்பத் திரும்ப அனுப்புவது கருவியின் வேலை. பெட்டிக்கு அவகாசம் தேவைப்பட்டால், ‘இப்போது அனுப்பலாமா’ என்பதைத் தெரிவிக்கும் சிடிஎஸ் கம்பி வழியே கணினியை நிறுத்திவைக்கும்.

திறன்பெருக்கி ஒன்றை மட்டும் சேர்த்து, துடிப்பைப் போர்ட் வழியே கணினியே உருவாக்கலாமே என்பார்கள். முடியும், அப்படிச் செய்யும் மென்பொருள்களும் உண்டு. ஆனால் மாதிரி ரயில்களுக்கான டிசிசி என்ற டிஜிட்டல் கட்டுப்பாட்டு முறையில் ‘1’ என்ற பிட்டின் ஒவ்வொரு பாதியும் 58 மைக்ரோ விநாடி நீடிக்க வேண்டும். போர்ட்டின் வழக்கமான 19200 வேகத்தில் ஒரு பிட் 52 மைக்ரோ விநாடிதான். ஆகவே போர்ட்டை வழக்கமில்லாத வேகத்துக்குத் திருப்ப வேண்டும். பல வேலைகளுக்கு நடுவே கணினி ஒரு கணம் தாமதித்தால் துடிப்பின் தொடர்ச்சி அறும். யோசிப்பது கணினியிடமும், தாளம் தவறாமை கருவியிடமும் இருப்பதே சரியான பங்கீடு.