அச்சுக்கூடத்தில் வளர்ந்த கவிஞர்

பாரதி தம் கட்டுரையில் பெயர் சொல்லிப் போற்றிய அமெரிக்கக் கவிஞர் வால்ட் விட்மன். இருவருக்கும் சோறு போட்டது பத்திரிகைத் தொழில்தான். ஆனால் விட்மன் என்றதும் நம் மனத்தில் வருவது வேறொரு ஆள்: தாடி, திறந்த காலர், படிப்பு வாசனையே இல்லாத நாட்டுப்புறத்தான், ஒருநாள் திடீரென்று அருள் வந்து பாடியவர். இந்தச் சித்திரம் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம்.

1819இல் லாங் ஐலண்டில் பிறந்தார். 11 வயதில் பள்ளியை விட்டவர், அடுத்த வருஷமே ஒரு பத்திரிகை அச்சகத்தில் தொழில் பழகப் போனார். அச்சுக்கோப்பு என்பது அஞ்சறைப் பெட்டியில் கைவைப்பது மாதிரி. எந்த எழுத்து எந்த அறையில் என்று கண் பாராமலே விரல் போக வேண்டும். பிறகு சில காலம் பள்ளி வாத்தியார். 1838இல் சொந்தமாக ‘லாங் ஐலண்டர்’ வாரப் பத்திரிகை. எழுதியதும் அச்சடித்ததும் மட்டுமல்ல, குதிரையேறிப் போய்ச் சந்தாதாரர்களுக்குக் கொடுத்ததும் அவர்தான்.

1846இல் ‘புரூக்ளின் ஈகிள்’ நாளிதழுக்கு ஆசிரியரானார். புதிய பிரதேசங்களுக்கு அடிமைமுறை பரவக்கூடாது என்று எழுதினார்; முதலாளியின் அரசியல் வேறு. 1848இல் வேலை போயிற்று.

1855இல் ‘புல்லின் இதழ்கள்’ வந்தது. 12 கவிதைகள், 795 பிரதிகள். சில பக்கங்களுக்கு அவரே அச்சுக்கோத்தார். முகப்பில் ஆசிரியர் பெயர் கிடையாது. எதிர்ப்பக்கத்தில் தொப்பியும் திறந்த சட்டையுமாக, இடுப்பில் ஒரு கை வைத்து நிற்கும் ஆளின் படம் மட்டும்.

இப்போது விஷயத்துக்கு வருவோம். அந்தப் புத்தகத்துக்குப் பத்திரிகைகளில் பெயரில்லாமல் வந்த மதிப்புரைகளில் சிலவற்றை எழுதியது விட்மனேதான்! ஏட்டுப் படிப்பு தீண்டாத, முரட்டு உடம்புக்காரன் ஒருவன் வந்திருக்கிறான் என்று தம்மையே வர்ணித்துக்கொண்டார். நாம் இன்றும் நம்பும் சித்திரத்தைக் கிளப்பிவிட்டது அந்தப் பழைய பத்திரிகைக்காரர்தான். அமெரிக்கச் சிந்தனையாளர் எமர்சன் பாராட்டித் தனிப்பட எழுதிய கடிதம், அவரைக் கேட்காமலே ‘நியூயார்க் டிரிப்யூன்’ இதழில் வெளியானது. 1856 பதிப்பின் முதுகில் அக்கடிதத்தின் ஒரு வரி தங்க எழுத்தில் மின்னியது.

இதை மோசடி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. படகுத்துறை, தச்சன், கசாப்புக்கடைப் பையன் என்று அவர் கவிதைகளில் நீளும் பட்டியல்களைப் பாருங்கள். தெருத்தெருவாக நடந்து செய்தி சேகரித்தவனின் கண் அது. அருளை மட்டும் நம்பியிருந்தால் அவை வந்திருக்காது.

இத்தனை விளம்பரம் செய்தும் புத்தகம் விற்கவில்லை. 1857இல் விட்மன் மறுபடியும் ஒரு புரூக்ளின் நாளிதழில் தலையங்கம் எழுதிக்கொண்டிருந்தார்.