ஆறு படங்களும் ஒரு மசோதாவும்

தன் ஜனங்களின் குற்றத்தைப் பொதுப் பணம் செலவிட்டே அம்பலப்படுத்தும் ராஜாங்கம் உலகில் அரிது. தென் கொரியாவில் அவ்விதம் நடந்தது. 2001-ஆம் ஆண்டில் அங்கே சட்டபூர்வமாக ஸ்தாபிக்கப்பட்ட தேசிய மனித உரிமைக் கமிஷன், ஆறு டைரக்டர்களை அழைத்து, சமூகத்தில் மலிந்துள்ள பாரபட்சங்களைக் குறித்து ஆளுக்கொரு குறும்படம் எடுக்கச் செய்தது. ‘ஆறு பார்வைகள்’ என்று பொருள்படும் பெயருடன் 2003-ல் அவை ஒரே படமாக வெளிவந்தன.

படித்து முடித்து உத்தியோகம் தேடும் பெண்ணிடம் அறிவைக் கேளாமல் உடலின் மெலிவைக் கேட்கும் கொடுமையை ஒரு படம் காட்டுகிறது. ஆங்கில உச்சரிப்புத் திருந்த வேண்டுமென்று, சிறுவனுடைய நாக்கின் அடித்தசையை டாக்டரைக் கொண்டு அறுக்கச் செய்யும் பெற்றோரை மற்றொன்று காட்டுகிறது. அந்நிய பாஷா மோகம் பெற்ற பிள்ளையின் நாவிலேயே கத்தி வைக்கும் அளவுக்குச் சென்றுவிட்டது! கல்நெஞ்சர்தாம் அக்காட்சியை முழுவதும் பார்க்க முடியும்.

ஆயினும் நம் உள்ளத்தை உலுக்குவது பாக் சான்-வுக் எடுத்த கடைசிப் படமே. கற்பனை மனிதன் ஒருவன் 15 ஆண்டுகள் அடைபட்டுக் கிடந்த கதையை அதே ஆண்டில் படமாக்கிப் புகழ் பெற்றவர் அவர். இதுவோ கற்பனையன்று. சியோலில் ஆலைத் தொழிலாளியாக இருந்த ஒரு நேபாளப் பெண், 1993-ல் ஓர் உணவு விடுதியில் சாப்பிட்டாள், கொடுக்கப் பணமில்லை. போலீஸார் வந்தனர். முகம் கொரியர் முகம்போல் இருந்தது, பேச்சோ விளங்கவில்லை. ஆகவே சித்தம் கலங்கிய கொரியப் பெண் என்று முடிவு கட்டி, மனநோய் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினர். தன் ஊரையும் பேரையும் அவள் சொல்லச் சொல்ல, அதுவே பிதற்றலுக்கு அத்தாட்சியாயிற்று. ஆறு ஆண்டுகளுக்கு மேல் அடைபட்டுக் கிடந்து, 2000-ல் தான் விடுதலை பெற்றாள். படத்தில் காமிரா அப்பெண்ணின் கண்ணாகவே நிற்கிறது. அதிகாரிகளும் டாக்டர்களும் நம்மை நேரே நோக்கித் தங்கள் சமாதானங்களைக் கூறுகின்றனர். அவர்களில் ஒருவரும் கொடியவர் அல்லர். கேட்பதற்குப் பொறுமையில்லாதவர்கள், அவ்வளவுதான்.

கொரியர் 1910 முதல் 1945 வரை ஜப்பானுக்கு அடிமைப்பட்டிருந்தவர்கள். கடைசி ஆண்டுகளில் அவர்களுடைய தாய்மொழி பள்ளிக்கூடங்களிலிருந்து விரட்டப்பட்டது. பெயர்களைக்கூட ஜப்பானியப் பெயர்களாக மாற்றிக்கொள்ளும்படி நிர்ப்பந்திக்கப்பட்டனர். பாஷையை இழப்பதன் துயரம் இன்னதென்று அவர்களுக்கு எவரும் போதிக்க வேண்டியதில்லை. அத்தகைய தேசத்திலா இது?

2007-ல் சகலவித பாரபட்சங்களையும் தடுக்கும் மசோதா ஒன்றை அந்நாட்டுச் சர்க்கார் வெளியிட்டது. எதிர்ப்புக் கிளம்பவே, தடுக்கப்படும் காரணங்களில் ஏழை அடித்துவிட்டனர். பிறந்த தேசம், பேசும் பாஷை ஆகிய இரண்டும் அந்த ஏழில் அடக்கம்! நேபாளப் பெண்ணை ஆஸ்பத்திரியில் பூட்டி வைத்த காரணங்கள் இவ்விரண்டுமல்லாமல் வேறென்ன? குறைபட்ட அந்த மசோதாவும் நிறைவேறவில்லை. 2008-ல் பார்லிமெண்டின் ஆயுள் முடிந்தபோது, கூடவே அதுவும் மாண்டது.