தோன்றி மறையும் எஞ்சின் எச்சரிக்கை விளக்கு: பழைய வாகனங்களின் பழுதறிதல் பற்றிய ஒரு நோக்கு

இலங்கையில் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி இடைநிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கான தடை 2025 பெப்ரவரியிலேயே நீங்கியது. இவ்விடைக்காலத்தில் உள்ள வண்டியையே திருத்தி ஓட்டும் நிலை பலருக்கு ஏற்பட்டது. பழைய வண்டியின் முகப்புப் பலகையில் எஞ்சின் எச்சரிக்கை விளக்கு ஒருநாள் எரிந்து மறுநாள் அணையுமாயின், அணைந்ததும் பழுது தீர்ந்தது என்பர் ஒருசாரார். எரிந்ததும் பாகமொன்றை மாற்றவேண்டும் என்பர் மறுசாரார். இரண்டும் அவசர முடிபுகளே. 2022 இல் ரூபாய் வீழ்ந்தபின் இத்தகைய அவசரத்தின் விலை சிறிதன்று.

இவ்விளக்கின் தோற்றத்தை முதலில் நோக்குதல் தகும். புகைமூட்டத்தால் அல்லலுற்ற கலிபோர்ணியா மாநிலமே, வெளியேற்றக் கட்டுப்பாட்டுப் பாகங்களை வண்டியின் கணினி கண்காணிக்கவேண்டும் என 1988 ஆம் ஆண்டு மாதிரிகளிலிருந்து விதித்தது. அக்காலத்தில் பழுதுக் குறியீடுகள் கம்பனிக்குக் கம்பனி வேறுபட்டன. 1996 இல் அமெரிக்கா முழுவதும் கட்டாயமான இரண்டாம் முறையே பதினாறு முனைகளுள்ள பொது இணைப்பியையும் பொதுக் குறியீட்டையும் தந்தது. சாதாரண கராச்சில் இருப்பவரும் பழுதைப் படிக்க முடிவது சட்டம் வற்புறுத்தியதன் விளைவு என்பது கவனத்திற்குரியது.

இவ்விரண்டாம் முறையில், பெரும்பாலான பழுதுகள் அடுத்தடுத்த இரு ஓட்டங்களில் காணப்பட்டால்தான் விளக்கு எரியும். தொடர்ந்து மூன்று ஓட்டங்களில் அப்பழுது காணப்படாவிடின் அணையும். எனினும் குறியீடு உடனே அழிவதில்லை. எஞ்சின் குளிர்ந்து மீண்டும் சூடேறும் சுற்றுகள் நாற்பது கழியும்வரை நினைவகத்தில் தங்கும். பழுது பதிவான கணத்தில் எஞ்சினின் வேகம், வெப்பநிலை, சுமை ஆகியன எவ்வளவு என்பதும் உடன் பதிவாகும். கருவியை மாட்டியதும் முதலில் குறியீட்டை அழிப்பவர் இச்சாட்சியம் முழுவதையும் இழக்கிறார். விளக்கு விட்டுவிட்டு மின்னுமாயின் நிலைமை வேறு: எரியாத பெற்றோல் வினையூக்கியைச் சென்றடைந்து அதனைச் சிதைக்கும் ஆபத்து உண்டு. அப்போது தாமதியாது வேகத்தைக் குறைத்து வண்டியை நிறுத்தல் வேண்டும்.

பொது இணைப்பி இல்லாத தொண்ணூறுகளின் டொயோட்டா வண்டிகள் பலவற்றில் கருவியும் தேவையில்லை. எஞ்சினை இயக்காது சாவியை மட்டும் திருப்பி, பரிசோதனைப் பெட்டியிலுள்ள ரீ.ஈ.1, ஈ.1 என்னும் முனைகளை வயர்த்துண்டால் இணைத்தால் விளக்கே எண்ணைக் காட்டும். இருமுறை மின்னி, சற்று நின்று, ஐந்துமுறை மின்னினால் குறியீடு 25; அதாவது கலவை ஐதானது. உடனே ஒட்சிசன் உணரியை மாற்றுவது பெருவழக்கு. ஆனால் உணரி இங்கு சாட்சி. குற்றவாளி என்பது இன்னும் நிறுவப்படவில்லை. உணரிக்கு முன்னே புகைக்குழாயில் வெடிப்பிருந்தால் வெளிக்காற்று உட்புகுந்து, செம்மையான கலவையையும் ஐதானதாகக் காட்டும். உட்செல்லும் காற்றை நேரே அளக்கும் வண்டிகளில், அளவிக்கு அப்பாலுள்ள இறப்பர்க் குழாயின் வெடிப்பு எஞ்சின் வெறுமனே சுழலும்போதே அதிகம் புலப்படும். ஏற்றத்தில் புலப்படுமாயின் பெற்றோல் வடியையும் பம்பியையும் ஐயுறல் வேண்டும். எனவே எப்போது எரிந்தது, குளிரிலா சூட்டிலா, மழைக்குப் பின்னரா என்று சாரதி எழுதிவைக்கும் குறிப்பு, கருவி தரும் எண்ணிலும் சிலவேளை பெறுமதியானது.

தோன்றி மறையும் பழுதுகளுள் கணிசமானவை பாகங்களில் அன்றி இணைப்புகளில் உள்ளன. கரையோர உப்புக்காற்றில் புவித்தொடுப்பு துருவேறும். சூட்டில் செருகி தளரும். எஞ்சின் ஓடுகையில் வயர்க்கற்றையை மெல்ல அசைத்துப் பார்த்தல் செலவற்ற சோதனை. திருத்திய பின்னரே குறியீட்டை அழித்து, பழுது முதலில் தோன்றிய அதே வேளையில், அதே பாதையில் வண்டியை ஓட்டிப் பார்த்தல் வேண்டும்.