மரச்சுவரும் மணப்பதிவும்

இங்கிலாந்து என்றதும் இலண்டன் மாநகரத்து மணிக்கூண்டைப் பற்றியும், மன்னர் மாளிகையைப் பற்றியும், வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தைப் பற்றியும் பக்கம் பக்கமாக எழுதுவோர் உண்டு. எழுதட்டும்! நாம் இன்று போகவிருப்பது அங்கல்ல. இலண்டனுக்கு வடகிழக்கே எசெக்ஸ் மாவட்டம். அங்கே ஓங்கர் என்றோர் சிற்றூர். அதற்கு மேற்கே ஒரு மைல் வயல்வெளியில் நடந்தால் கிரீன்ஸ்டெட். அவ்வூர்த் தேவாலயந்தான் நமது பயணத்தின் முடிவிடம். எப்பிங் வரை சுரங்க இரயில் செல்கிறது. எப்பிங்கில் தொடங்கிக் கடற்கரை ஊரான ஹார்விச் வரை நீளும் எசெக்ஸ் நடைவழி இந்தக் கோயிலை ஒட்டித்தான் போகிறது. காலில் வலுவுள்ளவர்கள் அவ்வழியே வரலாம்.

சிறிய கோயில். வெள்ளைப் பலகை அடித்த கோபுரம். அதனுள்ளே 1618 என்று ஆண்டு பொறித்த மணி. கிழக்குப் புறத்தில் 1500ஆம் ஆண்டையொட்டி எழுந்த செங்கற்கட்டு. இவையெல்லாம் எசெக்ஸ் நாட்டுப்புறத்தில் வேறு ஊர்களிலும் காணக்கூடியவையே. வழிப்போக்கரை நிறுத்துவது நடுக்கூடத்தின் சுவர்!

கல்லில்லை, செங்கல்லில்லை, முழு ஓக் மரங்களை நெடுக்காகப் பிளந்து, ஒன்றை ஒட்டி ஒன்றாக நிறுத்தி வைத்திருக்கிறார்கள். மரத்தின் உருண்ட முதுகு வெளிப்புறம். பிளந்த தட்டை முகம் உட்புறம். கட்டைக்குக் கட்டை இடைவெளியில் காற்று புகாதா? அதற்கும் வழி கண்டான் அந்தக் காலத்துத் தச்சன். இரு கட்டைகளின் ஓரத்திலும் காடி எடுத்து, அந்தக் காடிகளுக்குள் மெல்லிய ஓக் பட்டையைச் செருகிவிட்டான். உள்ளே சென்று தடவிப் பாருங்கள். வாய்ச்சி செதுக்கிய தடம் விரலில் தட்டுப்படும். அந்நாளில் சன்னலே கிடையாது, விளக்கொளியில்தான் வழிபாடு. கூரையில் இப்போதிருக்கும் சன்னல்கள் பிற்காலத்தார் வைத்தவை.

இது 845ஆம் ஆண்டுக் கட்டடம் என்று ஒரு காலத்தில் சொன்னார்கள். மரத்தின் வளையங்களை எண்ணிக் காலம் காணும் ஆய்வு 1995இல் நடந்தது. 1063க்கு முன்னதாக அந்த மரங்கள் வெட்டப்பட்டிருக்க முடியாது, 1108க்குப் பின்னதாகவும் இருக்காது என்று அது காட்டியது. ஆக, நார்மானியர் படையெடுத்து வந்த 1066ஐ ஒட்டிய காலம். இருநூறு ஆண்டு குறைந்துவிட்டதே என்று வருந்த வேண்டியதில்லை. உலகில் இன்றும் நிற்கும் மரத் தேவாலயங்களில் இதுவே மிகப் பழையது என்ற பெயர் இன்னும் இதற்கு இருக்கிறது.

மரத்தைக் கண்டு வியந்துவிட்டுத் திரும்பிவிடுகிறவர்கள் பலர். பாதிக் கதைதான் அவர்களுக்குக் கிடைத்தது! மீதிப் பாதி இந்தக் கோயிலின் திருமணப் பதிவேட்டில் இருக்கிறது. 1839ஆம் ஆண்டு, மணமகன் ஜேம்ஸ் பிரைன், மணமகள் எலிசபெத் ஸ்டான்ஃபீல்டு.

யார் இந்த பிரைன்? எசெக்சுக்காரனல்லன். தென்மேற்கே டார்செட் மாவட்டத்தில், டால்புடில் என்ற ஊரில் பண்ணைக் கூலியாக உழைத்தவன். அவ்வூரில் வாரக்கூலி பத்து ஷில்லிங் கேட்டார்கள். பண்ணையார்கள் தந்தது ஒன்பது. பிறகு எட்டு, பிறகு ஏழு. இனி ஆறுதான் என்றார்கள். மனைவி மக்களோடு ஆறு ஷில்லிங்கில் ஏழு நாள் எப்படி ஓடும்? 1833இல் ஜார்ஜ் லவ்லெஸ் என்ற உழவர் முன்னின்று சங்கம் அமைத்தார். வேலை நேரம் போக மெதடிஸ்டு சபையில் பிரசங்கம் செய்துவந்தவர் அவர். அன்றைய வழக்கப்படி உறுப்பினர்கள் இரகசிய உறுதிமொழி எடுத்துக்கொண்டார்கள்.

சங்கம் வைப்பது குற்றமா? இல்லை. அதைத் தடுத்த சட்டம் 1824இலேயே நீங்கிவிட்டது. ஆகவே வேறொரு சட்டத்தைத் தூசி தட்டி எடுத்தார்கள். கடற்படைக் கலகத்தை அடக்க 1797இல் செய்த சட்டம். இரகசிய உறுதிமொழி கூடாது என்பது. கப்பலையே காணாத கூலியாட்களின் மீது கடற்படைக் கலகச் சட்டம்! 1834 மார்ச்சில் டார்ச்செஸ்டர் நீதிமன்றம் லவ்லெஸ் சகோதரர் இருவர், ஸ்டான்ஃபீல்டு தந்தையும் மகனும், ஹாமெட், பிரைன் என்ற ஆறு பேருக்கும் ஏழாண்டு தீவாந்தர தண்டனை விதித்தது. தண்டனை சரியே என்று நின்ற உள்துறை அமைச்சர் மெல்போர்ன் பிரபு. கைதிகளைச் சுமந்த கண்டத்தில் இன்று ஒரு மாநகரம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

டால்புடில் ஊர்ப் பாதிரியார் என்ன செய்தார் என்பதையும் லவ்லெஸ் எழுதி வைத்திருக்கிறார். கூலியை உயர்த்துவதாகப் பண்ணையார்கள் வாக்களித்தபோது சாட்சியாக நின்றவர், பின்னர் அப்படி ஒரு பேச்சே நடக்கவில்லை என்று சொல்லிவிட்டாராம்.

பிரைன் ஆஸ்திரேலியாவில் பட்ட பாடு கொஞ்சமல்ல. வழியில் கொள்ளையர் உடைமைகளைப் பறித்துக்கொண்டனர்; எசமானன் மாற்றுத் துணியோ செருப்போ தர மறுத்தான். மண்வெட்டியை மிதிக்க வெறுங்காலில் இரும்புப் பட்டையைக் கட்டிக்கொண்டு நிலம் வெட்டினான். இங்கே இலண்டனில் பல்லாயிரவர் திரண்டு ஊர்வலம் போயினர். மனுக்களில் இலட்சக்கணக்கில் கையெழுத்துகள் குவிந்தன. 1836இல் முழு மன்னிப்பு வந்தது. குற்றம் செய்யாதவனுக்கு மன்னிப்பு! 1837 முதல் திரும்பத் தொடங்கினார்கள்.

திரும்பியவர்களுக்கு டார்செட்டில் வேலை கொடுப்பவன் யார்? தொழிலாளர் நிதி திரட்டி எசெக்சில் இரண்டு பண்ணைகளைக் குத்தகைக்கு எடுத்துக் கொடுத்தார்கள். ஒன்று கிரீன்ஸ்டெட்டில்; மற்றொன்று அருகேயுள்ள ஹைலேவரில். ஹாமெட் மட்டும் சில காலத்தில் டால்புடிலுக்கே போய்விட்டார். மற்றவர்கள் இங்கே உழுதார்கள், உழுததோடு நிற்கவில்லை. வயது வந்த ஆண்மக்கள் அனைவருக்கும் வாக்குரிமை கேட்ட சாசன இயக்கத்தின் கிளையைத் தொடங்கினார்கள். பண்ணை வீட்டில் கூட்டம் நடந்தது. சுற்று வட்டாரத்துக் கூலியாட்கள் வந்து கேட்டார்கள்.

கிரீன்ஸ்டெட் பாதிரியார் பிலிப் ரே இதைப் பொறுப்பாரா? பிரசங்க மேடையிலிருந்தே கண்டித்தார். எந்த மேடை? இந்த மரச்சுவருக்குள் இருந்த மேடைதான்! அதே கூரையின் கீழ்தான் 1839இல் பிரைன், உடன் தண்டிக்கப்பட்ட தாமஸ் ஸ்டான்ஃபீல்டின் மகள் எலிசபெத்தைக் கைப்பிடித்தான். ஏச்சு விழுந்த இடத்தில் மோதிரம் மாற்றத் துணிவு வேண்டும், அவனுக்கு இருந்தது.

குத்தகைக் காலம் முடிந்தது. 1844 தொடங்கி ஐந்து குடும்பங்களும் கனடாவுக்குக் கப்பலேறின. ஒன்டாரியோ மாநிலத்தில் நிலம் திருத்திப் பயிரிட்டு அங்கேயே மடிந்தார்கள். டால்புடிலுக்குத் திரும்பிய ஹாமெட், முதுமையில் கண்பார்வை மங்கி, 1891இல் டார்ச்செஸ்டர் ஏழைகள் விடுதியில் உயிர் நீத்தார்.

ரே பாதிரியாருக்கும் உரியதைச் சொல்லிவிட வேண்டும். அவர் காலத்தில் ஓக் கட்டைகளின் அடிப்பாகம் ஈரத்தில் உளுத்துப்போயிருந்தது. 1848இல் அவர் திருப்பணி தொடங்கினார். கட்டைகளைக் கழற்றி, உளுத்த அடியை மட்டும் அறுத்தெறிந்து, கீழே செங்கல் வரிசை எழுப்பி, அதன்மேல் பழைய வரிசைப்படியே மீண்டும் நிறுத்தினார்கள். அவர் அன்று அக்கறை எடுத்திராவிட்டால் மரச்சுவர் இன்று மண்ணாகியிருக்கும். கூலியாட்கள் கப்பலேறி நாலாண்டுகூட நிரம்பாத நேரம் அது. கிரீன்ஸ்டெட்டுக்குப் போகிறவர்கள் சுவரருகே சற்றுக் குனிந்து பார்க்கலாம். கட்டைகளின் கீழே அந்தச் செங்கல் வரிசை அப்படியே இருக்கிறது.